180 பார் காற்றும் ஒரு தோள்வலியும்

"நான் ரொம்ப மூச்சு வாங்கிட்டேன் சார். அதனாலதான் நைட்ரஜன் நிறைய ஏறிடுச்சு."

படகின் பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், ஆக்சிஜன் மாஸ்க்கை ஒரு விரல் அளவு தூக்கி என்னிடம் முதலில் சொன்னது இதுதான். இடது தோளுக்குள்ளே, எலும்புக்குப் பக்கத்தில் எங்கோ, ஒரு வலி. அழுத்தினாலும் கையைத் தூக்கினாலும் கூடவில்லை, குறையவும் இல்லை. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மேலேறும்போது குமிழியாகி உண்டாக்கும் டிகம்ப்ரஷன் நோய், டைவர்கள் பெண்ட்ஸ் என்பது, இப்படியும் தொடங்கும். மாஸ்க்கை மூடச் சொன்னேன். மூடச் சொல்லிவிட்டு, யோசிக்காமல் ஒரு வாக்கியமும் சேர்த்தேன்: "ஆமா, உங்க மூச்சு அதிகம்தான். அதைக் குறைக்கணும்."

அந்த ஒரு வாக்கியம் ஏழு மாதம் கழித்து அவரை இன்னொரு சிக்கலில் கொண்டுபோய் விட்டது. இந்த ஆய்வை எழுதுவதற்கு முக்கியக் காரணம் அதுதான். சம்பந்தப்பட்ட இருவரின் சம்மதத்தோடு, அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கி எழுதுகிறேன். சிலிண்டர் காற்றைச் சுவாசித்து நீருக்கடியில் இறங்கும் ஸ்கூபா டைவ் அது. அதை வழிநடத்தியவன் நான். மருத்துவர் இல்லை. சிகிச்சை பற்றிச் சொல்வதெல்லாம் அவருக்குச் சிகிச்சை அளித்த டைவிங் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

அன்றைய இரண்டாவது டைவ்

அவருக்கு 41 வயது, நூற்றுச்சொச்சம் டைவ் அனுபவம். உடன் இறங்கிய ஜோடி 36 வயதுப் பெண், ஏறக்குறைய அதே அனுபவம். காலையில் இருவரும் 28 மீட்டர் வரை போய் 38 நிமிடத்தில் திரும்பியிருந்தார்கள். மேலே 1 மணி 5 நிமிடம் இடைவெளி. அப்புறம் இரண்டாவது டைவ்: அதிகபட்ச ஆழம் 26 மீட்டர், சராசரி 19 மீட்டர், மொத்தம் 36 நிமிடம். இருவரிடமும் 12 லிட்டர் சிலிண்டர், சாதாரணக் காற்று, தொடக்கத்தில் 205 பார் (பார் என்பது அழுத்த அலகு, நீருக்கு மேலே காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பார்).

மேலே வந்தபோது அவரிடம் 25 பார் மிச்சம். அந்தப் பெண்ணிடம் 95 பார்.

கணக்குப் போட்டால் இப்படி வரும். அவர் செலவழித்தது 180 பார். 12 லிட்டரால் பெருக்கினால் 2160 லிட்டர். அதை 36 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 60 லிட்டர். 19 மீட்டரில் அழுத்தம் 2.9 பார் என்பதால், மேற்பரப்பு அளவில், அதாவது அதே காற்று நீருக்கு மேலே பிடிக்கும் இடத்தை வைத்துச் சொன்னால், நிமிடத்துக்கு 20.7 லிட்டர். அதே கணக்கில் அந்தப் பெண்ணுக்கு 12.6 லிட்டர் வருகிறது. அதே டைவில் அவர் ஒன்றரை மடங்குக்கும் மேல் காற்று இழுத்திருக்கிறார்.

ஆழத்தையும் நேரத்தையும் பதிய இருவரும் கையில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டர்களின் பதிவுகளையும் பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஆழக் கோடுகள் எங்கும் ஒரு மீட்டருக்கு மேல் விலகவில்லை. ஒரே ஆழம், ஒரே நேரம், ஒரே வாயு, ஒரே மேலேற்றம். நைட்ரஜன் வெளியேற வழியில் நின்றே ஆக வேண்டிய கட்டாய நிறுத்தம் இருவருக்குமே வரவில்லை. ஆனால் ஒரு கட்டத்தில், அந்த நிலை வர அவர்களுக்கு மீதமிருந்த நேரம் 2 நிமிடம் வரை இறங்கியிருந்தது. அதாவது எல்லையை ஒட்டி நடந்த டைவ்.

அவருடைய கம்ப்யூட்டர் சிலிண்டர் அழுத்தத்தையும் சேர்த்தே பதியும். அதில் ஒரு இடம் கண்ணை உறுத்தியது. 9ஆவது நிமிடத்தில் 168 பார். 20ஆவது நிமிடத்தில் 69 பார். பதினொரே நிமிடத்தில் 99 பார். அந்த நேரத்தில் இருவரும் 26 மீட்டரில், கயிறு கட்டியிருந்த இடத்துக்குத் திரும்ப நீரோட்டத்தை எதிர்த்து நீந்திக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் இரண்டு பெரிய விளக்கு பொருத்திய கேமரா. அதை நெஞ்சுக்கு முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, நடு நீரில், காலில் மாட்டிய ஃபின்னை ஓங்கி ஓங்கி அடித்திருக்கிறார். அந்தப் பெண் வெறுங்கையோடு பாறையின் மறைவில், நீரோட்டம் குறைந்த பக்கமாக ஊர்ந்து வந்தார். அந்தப் பதினொரு நிமிடத்தில் மட்டும் அவருடைய மேற்பரப்பு அளவு நிமிடத்துக்கு 30 லிட்டர். மற்ற 25 நிமிடங்களில் வெறும் 15. இயல்பிலேயே அதிகமாக மூச்சு விடுகிற ஆள் இல்லை அவர். பதினொரு நிமிடம் கடுமையாக உழைத்த ஆள்.

அப்புறம் சரிவை ஒட்டி மெல்ல ஏறினார்கள். 5 மீட்டரில் 3 நிமிட சேஃப்டி ஸ்டாப், அதாவது பாதுகாப்புக்காக நிற்கும் நிறுத்தம், இருந்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் ஆனதும் அவர் தன் அழுத்தமானியைக் காட்டி, கட்டைவிரலை மேல்நோக்கி உயர்த்தினார். அந்தப் பெண்ணும் கூடவே ஏறிவிட்டார். இரண்டு பேரின் நிறுத்தமும் சமமாகக் குறைந்துபோனது. அந்தப் பெண்ணிடம் நூறு பார் அளவுக்குக் காற்று இருந்தது. தன் சிலிண்டரில் இன்னொருவர் சுவாசிப்பதற்கென இருக்கும் மாற்று ரெகுலேட்டரை நீட்டியிருந்தால் அங்கேயே இன்னும் ஐந்து நிமிடம் தாராளமாக நின்றிருக்கலாம். இருவருக்குமே அது தோன்றவில்லை. எனக்கு இன்றைக்கும் உறுத்துவது இதுதான். காற்று தீர்ந்துபோனவருக்குத்தான் மாற்று ரெகுலேட்டர் என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். நிறுத்தத்தை முடிக்கவும் அது உதவும் என்று நான் அழுத்திச் சொன்னதே இல்லை.

நீர் மேலிருந்து கீழ்வரை 23 டிகிரி. அவர் போட்டிருந்தது அரைக்கை வைத்த 3 மில்லிமீட்டர் வெட்சூட். அந்தப் பெண் முழுக்கை 5 மில்லிமீட்டர். உழைத்தபோது அவருக்குக் குளிர் தெரியவில்லை. 5 மீட்டரில் கயிற்றைப் பிடித்துச் சும்மா நின்றபோது தாடை நடுங்கியது என்று பிறகு சொன்னார். மேலே வந்ததும் முழுச் சுமையோடு ஏணி ஏறினார். ஏறியது போதாதென்று இரண்டு பேரின் சிலிண்டர்களையும் தூக்கி அடுக்கினார்.

படகில்

சுமார் 50 நிமிடம் கழித்துத் தோள்வலி. கூடவே, செய்த வேலைக்குப் பொருந்தாத அசதி. நடை, சமநிலை, கைப்பிடி வலு, கண் அசைவு, தொடு உணர்வு எல்லாம் சோதித்தோம். குறை எதுவும் தெரியவில்லை. மூச்சை இழுக்கும்போது மட்டும் திறக்கும் டிமாண்ட் வால்வில் நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்தோம், தண்ணீர் குடிக்க வைத்தோம், டைவிங் மருத்துவரை அழைத்தோம்.

இந்த இடத்தில் நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். படகில் இருந்த ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், அவர் தோளைத் தட்டி, "அண்ணா, நல்லா ஆழமா, வேகமா இழுத்து விடுங்க. நைட்ரஜன் சீக்கிரம் வெளியே போயிடும்" என்றார். அவரும் அப்படியே செய்தார். நாலைந்து நிமிடத்தில் இரண்டு கை விரல்களும் உதட்டைச் சுற்றியும் மரமரவென்று கூசத் தொடங்கின. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. தோள்வலியோடு வந்தவருக்கு மரமரப்பும் சேர்ந்தால், நோய் நரம்பு மண்டலத்தைத் தொட்டுவிட்டதோ என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

கூச்சம் இரண்டு கைகளிலும் ஒரே அளவில் இருந்தது, உதட்டிலும் இருந்தது. மூச்சு வேகமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, என்னோடு சேர்ந்து சாதாரணமாக மூச்சு விடச் சொன்னேன். ஐந்தாறு நிமிடத்தில் கூச்சம் அடங்கியது. தோள்வலி மட்டும் அப்படியே இருந்தது. தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், அதனால் வரும் கூச்சம் இது. அது என் ஊகம்தான் என்பதால் மருத்துவரிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் மறுபடி நரம்புச் சோதனை செய்த பிறகே முடிவுக்கு வந்தார். மரமரப்பு எதனால் வந்தது என்று படகிலேயே தீர்ப்புச் சொல்லி, அதை மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடும் உரிமை நம்மில் யாருக்கும் இல்லை.

அழுத்த அறையில் அமெரிக்கக் கடற்படையின் 6ஆம் சிகிச்சை அட்டவணைப்படி சிகிச்சை. 18 மீட்டருக்குச் சமமான 2.8 பார் அழுத்தத்தில் ஆக்சிஜனோடு தொடங்கி, மொத்தம் 4 மணி 45 நிமிடம். இரண்டாவது ஆக்சிஜன் சுற்றிலேயே வலி கரைந்துவிட்டது. மறுநாள் லேசான இறுக்கம், அதற்கடுத்த நாள் அதுவும் இல்லை.

மூச்சு அதிகமானால் நைட்ரஜன் அதிகமாகுமா

கேட்டால் ரொம்ப நியாயமாகத் தோன்றும் வாதம் இது. நுரையீரலுக்குள் அதிகக் காற்று போனால் அதிக நைட்ரஜன் போகும், அதிக நைட்ரஜன் போனால் உடம்பில் அதிகம் சேரும். தவறு எங்கே இருக்கிறது என்று எண்ணை வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

26 மீட்டரில் சுற்றுப்புற அழுத்தம் 3.6 பார். நுரையீரலின் காற்றறைகளில் நீராவி எப்போதும் 0.063 பார் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதைக் கழித்து, நைட்ரஜனின் பங்கான 0.79ஆல் பெருக்கினால் 2.79 பார். இரத்தத்துக்கு எதிரே நிற்கும் நைட்ரஜன் அழுத்தம் இவ்வளவுதான். ஆழமும் வாயுவும் இந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. மூச்சின் எண்ணிக்கை இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை. நிமிடத்துக்கு 12 லிட்டர் விட்டாலும் 30 லிட்டர் விட்டாலும் எதிரே நிற்பது அதே 2.79 பார்.

சரி, மூச்சு மெதுவாக இருந்தால், இரத்தம் நைட்ரஜனை இழுத்துக்கொண்டு காற்றறையைக் காலியாக்கிவிடாதா? ஆகாது. ஓய்வில் இருக்கும் ஒருவரின் காற்றறைகளுக்கு நிமிடத்துக்கு நாலரை லிட்டர் புதுக்காற்று வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆழத்தில், மேற்பரப்பு அளவில் சொன்னால், அது சுமார் 12.5 லிட்டர் நைட்ரஜன். இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் இரத்தத்தை நுரையீரல் வழியாக அனுப்புகிறது. ஆனால் நைட்ரஜன் இரத்தத்தில் கரைவது ரொம்பவும் குறைவு. ஒரு லிட்டர் இரத்தம், ஒரு பார் அழுத்த வேறுபாட்டுக்கு, சுமார் 15 மில்லிலிட்டர்தான் எடுத்துக்கொள்ளும். மேற்பரப்பில் காற்றறையின் நைட்ரஜன் 0.75 பார், இங்கே 2.79, வேறுபாடு ஏறக்குறைய 2 பார். ஆக 5 லிட்டர் இரத்தம் ஒரு நிமிடத்தில் எடுத்துப்போவது 150 மில்லிலிட்டர், ஒரு சின்ன டம்ளர் அளவு. அதுவும் இறங்கிய முதல் நிமிடங்களில்தான். திரும்பி வரும் இரத்தத்திலேயே நைட்ரஜன் ஏற ஏற இது இன்னும் குறையும்.

வந்து சேர்வது 12.5 லிட்டர். உள்ளே போவது 0.15 லிட்டர். மிச்சமெல்லாம் வந்த வழியே குமிழியாக வெளியே போகிறது. ஆற்றங்கரையில் நின்று ஒரு டம்ளரில் நீர் மொள்ளும்போது, ஆறு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைப் பொறுத்தா டம்ளர் நிறைகிறது?

மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர்களுக்கு இது பழகிய விஷயம். பழைய ஈதர் இரத்தத்தில் ஏராளமாகக் கரையும், நைட்ரஜனைவிடப் பல நூறு மடங்கு. அதனால் நோயாளியின் மூச்சு வேகத்தைப் பொறுத்து ஈதர் மயக்கம் வரும் நேரமே மாறும். நன்றாகக் கரையும் வாயுவுக்கு மூச்சுதான் கதவு. கரையாத வாயுவுக்கு இரத்த ஓட்டம்தான் கதவு. நைட்ரஜன் இரண்டாவது வகை.

பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் இந்த இரண்டு விஷயங்களையும் தொட்டவர் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. 1905இல் பிரீஸ்ட்லியோடு சேர்ந்து, மூச்சின் வேகத்தை நடத்துவது கார்பன் டை ஆக்சைடு என்று காட்டினார். 1908இல் பாய்காட், டாமன்ட் ஆகியோரோடு சேர்ந்து, ஆடுகளை வைத்துச் சோதித்து, படிப்படியாக மேலேறும் டிகம்ப்ரஷன் முறையை வகுத்தார். மூச்சைப் பற்றி அன்றைக்கு அவரளவுக்கு அறிந்தவர்கள் மிகக் குறைவு. அப்படிப்பட்டவர் 5, 10, 20, 40, 75 நிமிடம் என்று திசுக்களை அரைக்காலம் (பாதி நிரம்ப ஆகும் நேரம்) வைத்துப் பிரித்தபோது, மூச்சுக்கு அந்தக் கணக்கில் இடமே கொடுக்கவில்லை. சூரிச்சில் பூல்மன் உருவாக்கிய, திசுக்களை 16 பெட்டிகளாகப் பிரிக்கும் கணக்கிலும் கிடையாது. இன்று நாம் கையில் கட்டும் பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் ஆழம், நேரம், வாயு மூன்றை மட்டுமே கேட்பதற்குக் காரணம் இதுதான்.

மேலேறும்போதும் இதே நியாயம். மேற்பரப்பில் காற்று சுவாசிக்கும்போது காற்றறையில் 0.75 பார் நைட்ரஜன் இருக்கும். ஏதோ ஒரு திசுவில் 1.6 பார் மிச்சமிருந்தால், வெளியே தள்ளும் வேறுபாடு 0.85. வேகமாக மூச்சு விட்டாலும் அது 0.85தான். அதே ஆளுக்கு முகத்தோடு ஒட்டிய மாஸ்க்கில் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் காற்றறையின் நைட்ரஜன் ஏறக்குறைய பூஜ்யம், வேறுபாடு 1.6, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. படகில் அவருக்குத் தேவைப்பட்டது ஆழ்ந்த மூச்சு இல்லை. ஓரத்தில் காற்று கசியாத மாஸ்க். தாடி இருந்தால், பேசுவதற்காகத் தூக்கித் தூக்கிப் போட்டால், அந்த ஆதாயத்தில் ஒரு பங்கு போய்விடும்.

அப்படியானால் அவருக்கு மட்டும் ஏன்

ஒரு ஜோடியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஒரே டைவைச் செய்த இருவரில் ஒருவருக்கு மட்டும் பெண்ட்ஸ் வருவது புதிதும் இல்லை. ஆனாலும் இந்த இரண்டு பதிவுகளில் ஆழமும் நேரமும் ஒன்றாகவே இருப்பதால், மற்றவற்றை எடைபோட ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது.

அவர் அதிகமாக மூச்சு விட்டது உண்மை. ஏன் விட்டார்? தொடைத் தசைகள் கார்பன் டை ஆக்சைடைக் கொட்டின, அதை வெளியேற்ற மூச்சு கூடியது. அதே தசைகள் இரத்தத்தையும் கூடுதலாகக் கேட்டன. நைட்ரஜனைக் கொண்டுபோனது இந்த இரண்டாவது விஷயம். மூச்சும் நைட்ரஜனும் சேர்ந்தே கூடுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் போலத் தெரிகிறது. இரண்டுக்கும் காரணம் உழைப்பு.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஓர் எளிய கணக்கு காட்டும். ஓய்வில் இருக்கும் தசைக்கு, 100 கிராமுக்கு நிமிடம் 3 மில்லிலிட்டர் அளவில் இரத்தம் போகிறது. அந்த ஓட்டத்தில் தசை நைட்ரஜனால் பாதி நிரம்ப ஏறக்குறைய 23 நிமிடம் ஆகும். கடுமையாக உழைக்கும் தசைக்கு ஓட்டம் பத்து மடங்கு கூடுவது சாதாரணம். அப்போது பாதி நிரம்ப 2.3 நிமிடம் போதும். உண்மையான தசை இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது என்றாலும், போக்கு இதுதான். மெதுவாக நிரம்ப வேண்டிய தசைகள் 26 மீட்டரில் அந்தப் பதினொரு நிமிடத்துக்குள் முழுதாக நிரம்பியிருக்கலாம்.

நிரம்பிய வேகத்திலேயே காலியாகியிருந்தால் பரவாயில்லை. அங்கேதான் குளிர் வருகிறது. கயிற்றைப் பிடித்து அசையாமல், அரைக்கை வெட்சூட்டில் நடுங்கிக்கொண்டு நின்றபோது, கை கால்களின் இரத்த ஓட்டம் சுருங்கியிருக்கும். அகலத் திறந்த வாசல் வழியாக உள்ளே போன நைட்ரஜன், வெளியே வரும்போது வாசல் ஒடுங்கிக் கிடந்தது.

இந்த ஏற்றத்தாழ்வை அமெரிக்கக் கடற்படையின் சோதனை டைவிங் பிரிவு நேரடியாகவே சோதித்திருக்கிறது. 2007இல் வெளியான அந்த அறிக்கையில், 120 அடி ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் டைவர்கள் உழைத்தார்கள். நீரின் வெப்பம் 36 டிகிரி அல்லது 27 டிகிரி. அடியில் குளிராகவும் மேலேறும்போது சூடாகவும் இருந்தவர்களில், 70 நிமிடம் அடியில் இருந்தும் 158 டைவில் 2 பேருக்கு மட்டுமே நோய் வந்தது. அடியில் சூடாகவும் மேலேறும்போது குளிராகவும் இருந்தவர்களுக்கு, வெறும் 30 நிமிடத்துக்கே 32 டைவில் 7 பேருக்கு வந்தது. ஆழமும் டிகம்ப்ரஷன் நேரமும் ஒன்றுதான். இரத்தம் எப்போது எங்கே ஓடியது என்பது மட்டும் மாறியது. முதன்முறை இதைப் படித்தபோது எழுந்துபோய் என் வெட்சூட்டை எடுத்துப் பார்த்தேன்.

ஏணி ஏறியதும் சிலிண்டர் தூக்கியதும் உதவியிருக்காது. மேலே வந்த கையோடு பலமாக உழைத்தால் இரத்தத்தில் குமிழிகள் கூடும் வாய்ப்புண்டு.

1990களில் வந்த ஊவாடெக் அலாடின் ஏர் எக்ஸ் போன்ற கம்ப்யூட்டர்கள் சிலிண்டர் அழுத்தம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்த்து, டைவரின் உழைப்பை ஊகித்து, டிகம்ப்ரஷனைக் கூட்டிக் காட்டின. பின்னால் வந்த சில கருவிகள் இதயத் துடிப்பையே நெஞ்சுப்பட்டையால் அளந்தன. "மூச்சு கூடினால் நைட்ரஜன் கூடும்" என்ற பேச்சுக்கு இவையும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்தக் கருவிகள் மூச்சை வைத்து அளக்க முயன்றது உழைப்பைத்தான்.

உண்மையான தொடர்பு சிலிண்டரில் இருக்கிறது

மூச்சின் வேகத்துக்கும் டிகம்ப்ரஷனுக்கும் நேரடியான தொடர்பு ஒன்று உண்டு. காற்று தீர்ந்தால் நிறுத்தம் போய்விடும்.

இந்தக் கணக்கை ஒரு முறை உட்கார்ந்து போடுங்கள். 26 மீட்டரில் ஒருவரின் காற்று போய்விட்டது, இருவரும் ஒரே சிலிண்டரில் மேலே வர வேண்டும். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடம் 30 லிட்டர், இருவருக்கும் 60. அடியில் நிலைமையைச் சமாளிக்க ஒரு நிமிடம்: 60 பெருக்கல் 3.6, 216 லிட்டர். மேலேற 3 நிமிடம், சராசரி 2.3 பார்: 414 லிட்டர். 5 மீட்டரில் 3 நிமிடம், 1.5 பார்: 270 லிட்டர். மொத்தம் 900 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் 75 பார்.

20ஆவது நிமிடத்தில், இன்னும் 26 மீட்டரில் இருந்தபோது, அவரிடம் இருந்தது 69 பார். அந்த நொடியிலேயே அவர்கள் 6 பார் கடனில் இருந்தார்கள். நான் அவர்களுக்குச் சொல்லியிருந்தது "50 பாரில் திரும்புங்கள்" என்ற வழக்கமான வாய்ப்பாடு. அந்த ஆழத்துக்கு அது போதாது. இதில் பிழை என்னுடையது. இப்போது ஒவ்வொரு ஆழத்துக்கும் இந்த எண்ணை இறங்கும் முன் பலகையில் எழுதிவைக்கிறேன்.

ஏழு மாதம் கழித்து

மருத்துவர் அனுமதித்த பிறகு அவர் மறுபடி டைவிங் வந்தார். முதல் மூன்று டைவில் காற்றுச் செலவு ஆச்சரியப்படும்படி குறைந்திருந்தது. பெருமையோடு அழுத்தமானியைக் காட்டினார். நானும் பாராட்டினேன். ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நெற்றிப்பொட்டில் தலைவலி என்று அவர் சொன்னதை வெயில் என்று விட்டுவிட்டேன்.

நாலாவது டைவில் 28 மீட்டரில் திடீரென்று கண்கள் விரிய, கையை நெஞ்சில் தட்டிக் காட்டினார். மூச்சு போதவில்லை. ரெகுலேட்டர் நன்றாக வேலை செய்தது, சிலிண்டரில் 130 பார் இருந்தது. அவர் கையைப் பிடித்து, அசையாமல் நிறுத்தி, நீளமாக மூச்சை வெளியே விடச் சொல்லிச் சைகை காட்டினேன். மெல்ல மேலே வந்தோம்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. மூச்சை இழுத்து, நாலைந்து நொடி அடக்கி, பாதி விட்டு, மறுபடி இழுத்திருக்கிறார். "மூச்சைக் குறைக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க. நைட்ரஜனும் குறையும்ல?"

நைட்ரஜன் குறையவில்லை. கார்பன் டை ஆக்சைடு கூடியது. காற்றறைக்குப் போகும் புதுக்காற்றைப் பாதியாக்கினால், 40 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு 80ஐ நோக்கிப் போகும். அங்கே எட்டுவதற்குள்ளேயே தலைவலி, பதற்றம், மூச்சுத் திணறல் எல்லாம் வந்துவிடும். அப்போதும் 2.79 பார் நைட்ரஜனில் நூற்றில் இரண்டு பங்கு மாற்றம்கூட வராது. ஆழத்தில் காற்றே கனமாகிவிடுகிறது. 30 மீட்டரில் ஒரு லிட்டர் காற்று 5 கிராமைத் தாண்டும், மேற்பரப்பில் இருப்பதைப்போல் நாலு மடங்கு. அதை இழுத்து விடுவதே வேலை. கார்பன் டை ஆக்சைடு தேங்கினால் நைட்ரஜன் மயக்கமும் கூடும், மூளைக்குப் போகும் இரத்தமும் கூடும். நெற்றிப்பொட்டு வலி அங்கிருந்து வந்தது. மூச்சை அடக்கிய நிலையில் ஒரு மீட்டர் இரண்டு மீட்டர் மேலே மிதந்துவிட்டால் நுரையீரல் கிழியும் அபாயம் தனி.

மூச்சை விட்டுவிட்டு மற்றவற்றில் கை வைத்தோம். எடையில் 2 கிலோ குறைத்ததும் கால்கள் தாழாமல் உடம்பு கிடையாக நின்றது. கேமராவின் ஒரு விளக்கைக் கழற்றினார். ஓங்கி அடிப்பதை விட்டு, தவளைபோல் உதைத்து, வழுக்கிச் சென்று, மறுபடி உதைக்கக் கற்றார். முழுக்கை 5 மில்லிமீட்டர் வெட்சூட் வாங்கினார். நிறுத்தத்தில் கயிற்றைப் பிடித்துச் சிலைபோல் நிற்காமல் கணுக்காலையும் விரல்களையும் மெல்ல அசைத்துக்கொண்டே இருக்கிறார். மூச்சைப் பற்றி நான் சொன்னது ஒன்றே ஒன்று: வருகிறபடி வரட்டும், வெளியே விடுவதை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். தலைவலி மறுபடி வரவில்லை.

இறங்கும் ஒவ்வொருவரும் எழுதும் பதிவேட்டில் ஆழம், நேரம், மிச்சக் காற்று என்று மூன்று கட்டங்கள் இருந்தன. உழைப்பு, குளிர், நிறுத்தத்தில் நின்ற நேரம் என்று இன்னும் மூன்று சேர்த்தேன். போன முறை அவர் எழுதிவிட்டுப் போன வரி இது: "24 மீட்டர், 40 நிமிடம். எதிர்நீச்சல் இல்லை. குளிர் கொஞ்சம், கடைசியில். ஸ்டாப் 5 நிமிடம். மேலே வந்தபோது 70 பார். சிலிண்டரைத் தண்ணீரிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு ஏறினேன்."